இரண்டு வருஷப் பச்சை

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அவளுடைய வேலைக்குக் கெடு வைக்கப்பட்டது. கெடு முடியும் நேரம், அன்றே பிற்பகல் மூன்று.

கெடு வைத்தவர் அக்கா, கம்பெனியின் முதலாளி. லிஃப்டுகளை இயக்கும் புரோகிராம் எழுதித் தருகிற கம்பெனி அது. மூன்றாவது மாடியில் ஒரு ஹால், எட்டு மேஜை, ஒரு கண்ணாடி அறை. தலைமைப் புரோகிராமர் முதலாளியின் சொந்தத் தம்பி. அவர் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே மொத்த ஆபீஸுக்கும் முதலாளி அக்காவாகிவிட்டார். தம்பிக்கு எதைக் கேட்டாலும் போர்டில் படம் போட்டு விளக்குகிற வியாதி. ஆகவே அவர் புரொபசர்.

கெடுவுக்கு ஆளானவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சட்டை மேடம்.

மூன்று மாதம் முன்புவரை அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். ஒன்பது வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து காஜாவையும் பட்டனையும் இழுத்து இழுத்துப் பார்த்தவள். சாயங்கால வகுப்பில் சேர்ந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்து, தப்புப் பிடிக்கிற வேலைதானே, சட்டையிலிருந்து லிஃப்டுக்கு மாறிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டாள். அதே தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அவளுடைய அண்ணன் மட்டும், மூன்றே மாதத்தில் திரும்பி வருவாய் என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினான். இன்றோடு மூன்று மாதம்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. இத்தனை நாளில் நீ ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்கவில்லை, தப்பே செய்யாதவனுக்குப் பின்னால் தப்புத் தேட ஓர் ஆள் எதற்கு என்று தம்பி கேட்கிறான், எனக்கும் பதில் தெரியவில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணு மணிக்கு லிஃப்ட் கம்பெனி இன்ஜினீயர் வர்றார். புரோகிராமை அவர் கையில குடுக்கறதுக்குள்ள ஒரே ஒரு தப்பு காட்டும்மா. என் தம்பி வாயால ‘ஆமா, தப்புதான்’னு வரணும். வந்துட்டா நீ இங்கதான். இல்லன்னா நாளைலேருந்து வர வேண்டாம்.”

கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தபோது அவள் போன் சிணுங்கியது. அண்ணனிடமிருந்து ஒரு வரி. ‘உன் ஸ்டூலைத் துடைச்சு வச்சிருக்கேன்.’

பல்லைக் கடித்துக்கொண்டு ஹாலின் நடுவே வந்து நின்றாள்.

அங்கே சுவரில் ஒரு பலகை. பலகையில் இரண்டு பல்பு. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. அந்த ஆபீஸின் பெருமையே அதுதான். புரொபசர் எழுதிய புரோகிராமுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பரீட்சைகள் உண்டு. ஐந்தாம் மாடிப் பட்டனை அழுத்தினால் ஐந்தில் நிற்கிறதா, கதவு மூடாமல் கிளம்ப மறுக்கிறதா என்று ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கேள்வி. புரோகிராமில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கம்ப்யூட்டர் தானாகவே அத்தனை பரீட்சையையும் வைத்துப் பார்த்துவிடும். பதினோரு விநாடி. எல்லாம் பாஸானால் பச்சை எரியும். ஒன்று ஃபெயிலானாலும் சிவப்பு.

சிவப்பு எரிந்து யாரும் பார்த்ததில்லை.

தினமும் ஒன்பதரை மணிக்குப் பலகைக்குக் கீழே நின்று நோட்டில் ‘பச்சை’ என்று எழுதுவதுதான் அவளுடைய முதல் வேலை. அறுபத்து மூன்று நாள் எழுதியாகிவிட்டது. மீதி நேரமெல்லாம் மேஜை மேல் நிற்கும், அதே புரோகிராமில் ஓடும் பதினாலு மாடி பிளைவுட் பொம்மை லிஃப்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பாள். மூன்று மாதத்தில் அவள் கண்டுபிடித்தது, கயிறு கிறீச்சிடுகிறது என்பது மட்டும்தான். அதற்கும் புரொபசர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டார்.

இந்த முறை அவள் நோட்டைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு பல்பையும் மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தாள். ஒரே டிசைனில் பத்தாயிரம் சட்டை பார்த்த கண்.

பச்சைப் பல்பின் மூடி சூட்டில் பழுத்துப் பழுப்பாகியிருந்தது. சிவப்பின் மூடி கடையில் வாங்கிய அன்று எப்படியோ அப்படியே. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

ஆனால் அந்தத் தாள், ஒரு மூலையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது.

அவளுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. பிளாஸ்டிக் சும்மா சுருங்காது. என்றோ ஒருநாள் இந்தச் சிவப்பு எரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம்தான் எரிந்திருக்கிறது. அதன் பிறகு எரியவே இல்லை.

நாற்காலியிலிருந்து குதித்து நேராகப் புரொபசர் மேஜைக்குப் போனாள். அவர் இன்ஜினீயருக்காக மார்க்கர் பேனாக்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக எப்போது சிவப்பு எரிந்தது என்று கேட்டாள். அவர் யோசித்தார். எரிந்ததே இல்லை என்றார், அடக்கமாக. புதிதாக ஒரு பரீட்சை எழுதினால், எழுதிய உடனே அது ஃபெயிலாவதைப் பார்ப்பீர்களா என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அவரைக் கொஞ்சம் சுட்டது. ஏனென்றால் அந்த விதியை வாரம் ஒருமுறை போர்டில் எழுதுகிறவரே அவர்தான். முதலில் பரீட்சையை எழுது. அது ஃபெயிலாவதைக் கண்ணால் பார். அப்புறம் பாஸாகிற அளவுக்கு மட்டும் கோட் எழுது. மூன்றுக்கும் அம்புக்குறி போட்டு வட்டமாக வரைவார். வரைந்துவிட்டு வந்து, தான் மட்டும் புரோகிராமை முதலில் எழுதிவிட்டு, நேரம் கிடைக்கும்போது பரீட்சையை எழுதுவார். அது எடுத்த எடுப்பிலேயே பாஸாகும். இரண்டு வருஷமாக அப்படித்தான். அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“சார், எங்க ஃபேக்டரியில திருட்டுச் சட்டைன்னு ஒண்ணு உண்டு” என்றாள்.

தினமும் காலையில் சூப்பர்வைசர் வேண்டுமென்றே கெடுத்த ஒரு சட்டையை அடுக்கில் சொருகிவிடுவார். ஒரு கை மட்டும் நீளம், அல்லது காலர் தலைகீழ். எந்த அடுக்கில் என்று யாருக்கும் தெரியாது. செக்கர் அதைப் பிடித்தால் முழித்திருக்கிறாள் என்று அர்த்தம். திருட்டுச் சட்டையே பாஸாகி வெளியே போனால், அன்று அந்த மேஜை பார்த்த அத்தனை சட்டையையும் திருப்பி எடுத்துவந்து முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

உங்கள் புரோகிராமில் ஒரு திருட்டுச் சட்டை சொருகிப் பார்க்கலாமா என்று கேட்டாள். புரொபசருக்கு உற்சாகமாகிவிட்டது. தன் பரீட்சைகளின் கூர்மையை நாலு பேருக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? புரோகிராமைத் தனியாக ஒரு நகல் எடுத்தார். அதில் மேலே என்று இருந்ததைக் கீழே என்று தானே மாற்றினார்.

“இப்பப் பாருங்க மேடம், மொத்த போர்டும் ரத்தக்களரி ஆகும்.”

பதினோரு விநாடி. இருவரும் சுவரையே பார்த்தார்கள்.

பச்சை.

திரையில் 412-க்கு 412 பாஸ். பத்தாம் மாடிக்குப் போகச் சொன்னால் பாதாளத்துக்குப் போகும் லிஃப்டுக்கு நூற்றுக்கு நூறு.

புரொபசர் காதைச் சொறிந்தார். அந்த ஒரு பரீட்சையைக் கவனக்குறைவாக எழுதியிருப்பேன் என்றார். சரி, இதற்கு என்ன சொல்கிறது பார்ப்போம் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓடும்படி லிஃப்டை மாற்றினார்.

பச்சை.

புரொபசர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியது. அடுத்த நொடி என்ன தோன்றியதோ, க்ளுக் என்று சிரித்துவிட்டார். அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டு ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும், நானும் ஒன்று கெடுக்கட்டுமா என்று கேட்டாள். ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடாதே என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பெண் அவள். பதினாலு மாடி என்ற இடத்தில் தொள்ளாயிரம் என்று தட்டினாள்.

பச்சை.

அவ்வளவுதான், ஆபீஸ் களைகட்டிவிட்டது. பதினொன்றரை மணிக்குப் புரொபசர் மேஜை முன்னால் வரிசை நின்றது. படம் வரைகிற டிசைனர், நாற்பது யானை ஏறினாலும் ஓவர்லோட் கிடையாது என்று மாற்றினார். பச்சை. அடுத்தவர், ஓர் எறும்பு ஏறினாலும் அலாரம் அடிக்கட்டும் என்றார். அதுவும் பச்சை. ஒற்றைப்படை மாடியில் மட்டும் நிற்கும் லிஃப்ட், பட்டனை அழுத்தினால் எதிர்த் திசையில் ஓடி ஒளியும் லிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்கிற லிஃப்ட். பதினோராவது விநாடியில் மொத்த ஹாலும் சேர்ந்து “பச்சை” என்று ராகம் இழுத்தது. டிசைனர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணில் நீர் வழிய, புரொபசர் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். நகலிலிருந்த ஆறாயிரம் வரியையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்தார். அழித்தார்.

திரை வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

பதினோரு விநாடி. ஒன்றுமே இல்லாத புரோகிராம் நானூற்றுப் பன்னிரண்டு பரீட்சையிலும் தேறியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு தீர்ந்திருந்தது ஒரு காரணம். கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்து நின்றது இன்னொன்று.

என்ன கூத்து இது என்று கேட்டார். சட்டை மேடம்தான் பதில் சொன்னாள். நாளை வேலை இருக்கிறதோ இல்லையோ, இதைச் சொல்லாமல் போகக் கூடாது என்று தோன்றிவிட்டது. பரீட்சைகள் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் விடைத்தாளை எவரோ மாற்றுகிறார்கள் என்றாள். எத்தனை ஃபெயிலானாலும் சுவருக்கும் திரைக்கும் ‘பாஸ்’ என்று மட்டுமே செய்தி போகிறது. அந்தச் சிவப்பு ஒருநாள் கொஞ்ச நேரம் எரிந்திருக்கிறது, அன்றைக்கு நடந்த ஏதோ ஒன்றுதான் காரணம்.

அக்காவின் முகம் கொதித்தது. இதே ஹாலில் நின்று எத்தனை பேரிடம் அந்தப் பச்சையைக் காட்டிப் பெருமை பேசியிருப்பார்.

“எவன்டா அது? யாரா இருந்தாலும் சரி, நாளைக்கு அந்த ஆளு இந்த ஆபீஸ்ல இருக்கக் கூடாது. கண்டுபிடி.”

கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. எந்த வரியை எவர் என்றைக்கு மாற்றினார் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். பரீட்சை முடிவுகளைத் திரட்டிச் சுவருக்கு அனுப்புகிற சின்னப் புரோகிராம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக யாரும் தொடாதது. புரொபசர் அதைத் திறந்தார். இருபத்தாறாவது வரியில், ஃபெயிலானவற்றின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு குறிப்பு: ‘இன்னைக்கு மட்டும்.’

யார் எழுதியது என்று பார்க்கப் புரொபசர் பட்டனை அழுத்தினார். பார்த்தார். சட்டென்று திரையை இரண்டு கையாலும் மறைத்தார்.

“வேண்டாம்க்கா. விட்டுடு.”

“கையை எடுடா.”

“சொன்னாக் கேளு.”

அக்கா அவர் கையைத் தட்டிவிட்டுக் குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். துடைத்ததில் பெயர் மாறவில்லை. அது அக்காவின் பெயர்தான்.

கம்பெனி ஆரம்பித்த புதிதில் அக்காவும் கோட் எழுதியவர். லிஃப்ட் கம்பெனி இன்ஜினீயர் முதன்முதலாக வந்த காலையில், தம்பி ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால், வேலை பாதியில் நின்று சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. புதிதாக மாட்டிய பலகை, பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. விருந்தாளி படியேறும் சத்தம் கேட்டது. ஒரு வரி, ஒரே ஒரு வரி. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தது அக்காவுக்கு இப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் இன்ஜினீயர் வேலையைக் கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோனது.

புரொபசர் மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, நாளைக்கு ஆபீஸ் சாவியை யார்கிட்ட குடுக்கப் போறே?”

ரிசப்ஷன் பெண் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அக்கா தம்பியை முறைத்தார். அந்த முறைப்புக்குச் சின்ன வயதிலிருந்தே பயந்தவர் புரொபசர். இன்று அவர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவின் முகத்துக்கு நேரே, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக ருசித்துச் சொன்னார்.

“ஆமா. தப்புதான்.”

சட்டை மேடத்துக்குக் கால் தரையில் படவில்லை. காலையில் அக்கா கேட்ட அதே வார்த்தை, அதே வாயிலிருந்து. ஆனால் அக்கா மணியைப் பார்த்தார். ஒன்று இருபது. அந்த வரியைத் தன் கையாலேயே அழித்தார். அழிந்துபோன ஆறாயிரம் வரிக்குப் பதிலாக ஒரிஜினல் புரோகிராமை எடுத்து, ஓட்டு என்றார்.

பதினோரு விநாடி இவ்வளவு நீளம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. டிசைனர் கண்ணை மூடிக்கொண்டார். புரொபசர் இருநூறு ஃபெயிலாகும் என்று முணுமுணுத்தார்.

டப் என்று சிவப்பு எரிந்தது. பிளாஸ்டிக் தாள் சுருங்கிச் சுருண்டு கீழே விழுந்தது.

யார் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை. பரீட்சையில் ஃபெயிலானதற்குக் கைதட்டிய ஒரே கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். திரையில் 412-க்கு 409 பாஸ், மூன்று ஃபெயில். புரொபசர் மூன்று மட்டும்தானா என்று துள்ளினார். ஆள் உண்மையிலேயே கெட்டிக்காரர்தான். ஆனால் போன மாதம் அவசரமாகச் செய்த ஒரு மாற்றம் மூன்று இடத்தில் உதைத்திருந்தது. இரண்டு வருஷம் முன்னால் அவரே எழுதிய பரீட்சைகள் அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியிருக்கின்றன. வாயில் துணி அடைத்திருந்ததால் வெளியே கேட்கவில்லை.

இரண்டரை மணிக்குள் இரண்டைச் சரி செய்தார்கள். மூன்றாவது மசியவில்லை. கதவு மூடுகிற அதே நொடியில் நிற்கிற மாடியின் பட்டனையே ஒருவர் அழுத்தினால், லிஃப்ட் மற்ற எல்லோரும் அழுத்தியதையும் மறந்துவிட்டு அங்கேயே நிற்கிறது.

இரண்டு ஐம்பத்தெட்டு. படியில் காலடிச் சத்தம்.

அக்கா சிவப்பைப் பார்த்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் விரல்கள் தம்பியின் கீபோர்டுக்கு அரை அடி தூரத்தில் இருந்தன. ஒரு வரி. இன்னைக்கு மட்டும்.

அக்கா இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இன்ஜினீயர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பருத்த உடம்பு, ஆனால் எங்கேயும் லிஃப்டில் ஏறாதவர், சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்கா முந்திக்கொண்டு, சிவப்பு எரிகிறது, ஒரு தப்பு இருக்கிறது, இன்று தர முடியாது என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

“அப்பாடா. அது எரியுமா?” என்றார் இன்ஜினீயர். “மொத தடவை நான் வந்தப்போ படியிலேருந்து பார்த்தேன், சிவப்பா இருந்துது. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுத் திரும்பினா பச்சை. அன்னிலேருந்து அதை நான் பார்க்கறதே இல்லை. நீங்க குடுக்கறதையெல்லாம் எங்க ஆளுங்களை வச்சு மொதல்லேருந்து பார்த்துக்கிட்டிருக்கேன்.”

அக்காவின் காது பல்பைவிடச் சிவந்தது.

என்ன தப்பு, காட்டுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டை மேடம் அவருடைய கண்ணாடிக் கூட்டைக் கேட்டு வாங்கிப் பொம்மை லிஃப்டில் வைத்தாள். ஒன்பதாம் மாடிக்கு அனுப்பினாள். அங்கே கதவு மூடும் நொடியில் ஒன்பதாம் பட்டனை அழுத்தினாள். லிஃப்ட் நின்றது. நின்றதுதான். எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. கூட்டை வெளியே எடுக்க ஸ்குரூ டிரைவர் தேட வேண்டியதாயிற்று. இன்ஜினீயர் குழந்தை மாதிரி ரசித்தார். ரசித்துவிட்டு, இதைச் சரி செய்து முடியுங்கள், நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். கூடவே ஒரு சந்தேகம் கேட்டார். கதவைத் திறக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மணிக்கணக்காகப் போன் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு உங்கள் லிஃப்ட் என்ன செய்யும்?

ஒரு நிமிஷத்தில் மணி அடிக்கச் செய்துவிடலாம் என்று புரொபசர் கீபோர்டில் பாய்ந்தார். சட்டை மேடம் அடிஸ்கேலால் அவர் விரலைத் தடுத்தாள்.

“மொதல்ல சிவப்பு, சார்.”

அவளே உட்கார்ந்து பரீட்சையை எழுதினாள். அறுபது விநாடி பிடித்தால் மணி அடிக்க வேண்டும். அடிக்கிறதா? ஓட்டினாள். மணி அடிக்க வைக்கும் வரியே இன்னும் இல்லை, ஆகவே அது ஃபெயிலாக வேண்டும். ஆனது. சரியாக அதே இடத்தில், அதே காரணத்துக்காக. இப்போது எழுதுங்கள் என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். புரொபசர் ஐந்தே வரி எழுதினார். ஓட்டியபோது திரையில் அந்தக் கேள்விக்கு நேரே சின்னதாக ஒரு பச்சை முளைத்தது. இரண்டு வருஷத்தில் புரொபசர் தன் விதிப்படி சம்பாதித்த முதல் பச்சை அதுதான். அதைத் தொட்டுப் பார்த்தார்.

ஒன்பதாம் மாடித் தப்பு மட்டும் இன்னும் சுவரில் எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதைப் பார்த்துப் பயமாக இல்லை.

இன்ஜினீயர் போனதும் அக்கா அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்.

“அந்தத் திருட்டுச் சட்டை. நாளைக்குக் காலையில வந்ததும் ஒண்ணு சொருகிடு. எங்கன்னு யாருக்கும் சொல்லாதே. எனக்கும்தான்.”

அவள் சரி என்றாள். வெளியே வந்து போனை எடுத்து அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினாள்.

‘ஸ்டூலை வேற யாருக்காவது குடு.’

பையை மாட்டிக்கொண்டு கட்டிடத்தின் லிஃப்டில் ஏறினாள். அது இவர்கள் எழுதிய புரோகிராமில் ஓடுகிற லிஃப்ட் அல்ல, யாரோ எழுதியது. கூடவே ரிசப்ஷன் பெண்ணும் புரொபசரும் ஏறினார்கள். கதவு மூடத் தொடங்கியது. சட்டை மேடத்தின் விரல், அவளைக் கேட்காமலே, அவர்கள் நிற்கிற மூன்றாம் மாடிப் பட்டனை நோக்கி நகர்ந்தது.

“மேடம்” என்றார் புரொபசர் பரிதாபமாக. “நான் படியில வந்துடறேன்.”